கண்மாய்க் கரை வழியாக நான்கு நாள்: கொள்ளுகுடிப்பட்டி முதல் திருப்புடைமருதூர் வரை

வைகைக்கரை
ஜனவரி 20, இரவு 9:40

பொங்கல் விடுமுறையில் நானும் வீட்டுக்காரரும் காரை எடுத்துக்கொண்டு நான்கு நாள் பறவை பார்த்துவிட்டு வந்தோம். மதுரையில் தொடங்கி கொள்ளுகுடிப்பட்டி, சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர், விளாத்திகுளம், கூந்தன்குளம், கடைசியில் திருப்புடைமருதூர். நாலுவழிச் சாலையில் முடிந்தவரை ஏறுவதில்லை என்று முதலிலேயே பேசி வைத்துக்கொண்டோம். அவர் ஓட்டினார், நான் எண்ணி எழுதினேன். மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் போனால் பாதிப் பறவை கண்ணில் படாது என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது.

மாட்டுப் பொங்கலன்று விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினோம். மேலூர் தாண்டித் திருப்பத்தூர் சாலையில் போனால் வேட்டங்குடி சரணாலயம் வந்துவிடும். கொள்ளுகுடிப்பட்டிக் கரையில் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கியபோது இன்னும் வெளுக்கவில்லை. சத்தம்தான் முதலில் வந்தது. வக்கா என்கிற இராக்கொக்குக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று எனக்கு அங்கேதான் விளங்கியது. ராத்திரி முழுக்க இரை தேடிவிட்டு ‘வக், வக்’ என்று கூப்பிட்டபடி தலைக்கு மேலே ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. வெளிச்சம் வந்த பிறகு பார்த்தால் மரமெல்லாம் நத்தைகுத்தி நாரை.

அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை என்பது பலருக்கும் தெரிந்ததுதான். 1977இல் சரணாலயமாக அறிவித்தார்கள். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் வெடி போடாததைப் பற்றிக் கேட்டேன். “பிள்ளை பெத்தவ வீட்டுல வேட்டுப் போடுவாகளா? அதும் மரத்துல பிள்ளை பெத்து வச்சிருக்குல்ல” என்றார். அதற்கு மேல் அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அடுத்த புள்ளி வைக்கக் குனிந்துவிட்டார்.

கரையில் நடக்கும்போது காலடியில் நத்தை ஓடுகள் கிடந்தன. கையில் எடுத்துப் பார்த்தேன். ஒன்றுகூட உடையவில்லை, உள்ளே இருந்த சதை மட்டும் இல்லை. நத்தைகுத்தியின் இரண்டு அலகுக்கும் நடுவே இடைவெளி இருக்கும். பாக்கு வெட்டியில் கொட்டைப்பாக்கை இடுக்குவது போல அந்த இடைவெளியில் நத்தையை வைத்து நசுக்கும் என்றுதான் இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஒரு நாரை எங்களுக்குப் பத்தடி தூரத்தில் நின்று சாப்பிட்டது. நத்தையை மேல் அலகால் தரையோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டு, கீழ் அலகின் கூர்நுனியை ஓட்டின் வாய்க்குள் விட்டு ஒரு திருகு, தலையை ஓர் உதறு. சதை தனியாக வந்துவிட்டது. அந்த ஓடு இப்போது என் மேசையில் இருக்கிறது.

அங்கிருந்து சிவகங்கை, பரமக்குடி, முதுகுளத்தூர். சித்திரங்குடிக் கண்மாயில் இந்த வருடம் நல்ல தண்ணீர். உள்வாயில், அதாவது கரைக்கு உள்ளே தண்ணீர் தேங்கும் பகுதியில், நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கூடு வைத்திருந்தன. காஞ்சிரங்குளத்தில் ஏழு கரண்டிவாயன்கள் வரிசையாக நின்று, வயலில் ஆள் இறங்கிக் களை எடுப்பது போல, தலையை இடம் வலம் ஆட்டியபடி சேற்றைத் துழாவிக்கொண்டே முன்னேறின. ஒன்று திரும்பினால் ஏழும் திரும்பும். முக்கால் மணி நேரம் அதை மட்டுமே பார்த்தோம். மேலச்செல்வனூரில் தண்ணீர் இருந்த அளவுக்குப் பறவை இல்லை, சீக்கிரம் கிளம்பிவிட்டோம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு கரிசல் காட்டில் கார் புதைந்துவிட்டது. (இடப்பெயரை எடுத்துவிட்டேன், காரணம் கீழே வரும் பதிவுகளில் இருக்கிறது.) முந்தின இரவு தூறல் போட்டிருந்தது. மேலே காய்ந்த மாதிரிதான் தெரிந்தது, ஏறின பிறகுதான் அடியில் ஈரம் என்று தெரிந்தது. சக்கரம் சுற்றச் சுற்ற இறங்கியது. சோளம் அறுத்துக்கொண்டிருந்தவர்கள் டிராக்டருக்கு ஆள் அனுப்பினார்கள். அது வர ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் நாங்கள் பூனைப்பருந்துகளைப் பார்த்தோம். ஐந்தரை மணிக்கு ஒன்று வந்தது, புல்லுக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் மிதந்தபடி. அப்புறம் இரண்டு, அப்புறம் நாலு. எல்லாத் திசையிலிருந்தும் வந்து, வட்டமடித்து, புல்லுக்குள் தரையிலேயே இறங்கி உட்கார்ந்தன. இருட்டுவதற்குள் பத்தொன்பது எண்ணினேன். டிராக்டர் கொண்டுவந்தவர், “அது தினமும் வரும்மா, மார்கழி தை ரெண்டு மாசமும் இங்கதான் படுக்கை. வெட்டுக்கிளியை அதுதான் தின்னும்” என்றார். காசு வாங்க மாட்டேன் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். காரில் இருந்த கரும்பில் இரண்டு கழியைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

கூந்தன்குளம் பற்றி நிறைய எழுதலாம், ஆனால் இங்கே அந்த ஊர்க்காரர்களே இருக்கிறீர்கள். வரித்தலை வாத்து மட்டும் சொல்கிறேன். மத்தியானம் குளத்தின் நடுவே ஒரு திட்டில் நாற்பதுக்கும் மேல் கழுத்தை மடக்கித் தூங்கிக்கொண்டிருந்தன. வெள்ளைத் தலையின் பின்பக்கம் இரண்டு கறுப்புக் கோடு. மங்கோலியா, திபெத் பக்கத்திலிருந்து இமயமலைக்கு மேலே 7,000 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் பறந்து வரக்கூடியவை. பக்கத்திலேயே ஒருவர் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அவரையும் அவை பார்க்கவில்லை, அவற்றை அவரும் பார்க்கவில்லை.

நான்கு நாளும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்காக இ-பேர்ட் என்கிற பறவைப் பதிவுத் தளத்தில் பட்டியல் போட்டோம், மொத்தம் 31 பட்டியல். அடுத்த வருடம் டெல்டா பக்கம் போக ஆசை. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

மடையான்
ஜனவரி 20, இரவு 10:25

அருமை அக்கா. நானும் மனைவியும் இப்படி ஒரு பயணம் போகவேண்டும் என்று இரண்டு வருடமாகப் பேசிக்கொண்டே இருக்கிறோம். இரவு எங்கே தங்கினீர்கள்? கிராமத்துப் பாதையில் பெண்களுக்குக் கழிப்பறை வசதி எப்படி? அவளுடைய முதல் கேள்வியே அதுதான். பைனாகுலர் எது?

வைகைக்கரை
ஜனவரி 20, இரவு 11:02

முதல் இரவு பரமக்குடி, இரண்டாவது சாயல்குடி, மூன்றாவது திருநெல்வேலி. எல்லாம் சாதாரண லாட்ஜ். கழிப்பறை சிரமம்தான், மறைக்க மாட்டேன். காலையில் கிளம்பும்போது ஒரு தடவை, பிறகு பெட்ரோல் பங்க். முதுகுளத்தூருக்கும் சாயல்குடிக்கும் நடுவே ஒரு வீட்டில் கேட்டேன். முகம் சுளிக்காமல் விட்டார்கள், வெளியே வந்ததும் பொங்கலும் கொடுத்தார்கள். தண்ணீர் குடிப்பதைக் குறைக்க வேண்டாம் என்று உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். முதல் நாள் நான் அப்படிச் செய்து தலைவலியில் கிடந்தேன்.

பைனாகுலர் 8x42. ஆளுக்கு ஒன்று இருக்கட்டும். ஒன்றை இரண்டு பேரும் மாற்றி மாற்றி வாங்கினால் பறவை பறந்து போயிருக்கும், இரண்டு பேருக்கும் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

கரைக்கணக்கு
ஜனவரி 21, காலை 6:15

நல்ல பதிவு, மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பூனைப்பருந்து படுக்கும் இடத்தை ஊர்ப் பெயர், கிளைச்சாலை எல்லாம் போட்டு எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

கூந்தன்குளம், வேட்டங்குடி வேறு. அவை அறிவிக்கப்பட்ட சரணாலயங்கள், காவலர் உண்டு, ஊரே காவல். இது யாரோ ஒருவரின் தரிசுக் காடு. பருந்து தரையில் படுக்கிறது. நாலு கார் வந்து, புல்லுக்குள் இறங்கி நடந்து, வெளிச்சம் அடித்துப் படம் எடுத்தால் இரண்டாம் நாள் அவை வராது. இன்னோர் ஊரில் ஆந்தைக் கூடு ஒன்றுக்கு இப்படி நடந்ததை நேரிலேயே பார்த்தவன் நான். படத்துக்கு மறைக்கிறது என்று கிளையை ஒடித்திருந்தார்கள்.

வைகைக்கரை
ஜனவரி 21, காலை 7:50

நீங்கள் சொல்வது சரி. இது எனக்குத் தோன்றாமல் போய்விட்டது. எடுத்துவிட்டேன். இ-பேர்டிலும் அந்தப் பட்டியலை மறைத்து வைத்திருக்கிறோம்.

மடைமீன்
ஜனவரி 21, மதியம் 1:30

நான் இந்த இழையை வாசிக்க மட்டுமே வந்தேன், ஆனால் எழுதத் தோன்றுகிறது. எங்கள் குடும்பம் ராமநாதபுரம் மாவட்டத்தில் கண்மாய் மீன் குத்தகை எடுக்கும் குடும்பம். உங்கள் படங்களில் அழகாக இருக்கும் கூழைக்கடா எங்களுக்கு வேறு மாதிரி.

குத்தகைப் பணத்தை முன்னாலேயே கட்டவேண்டும். கடன் வாங்கித்தான் கட்டுவோம். ஐப்பசி, கார்த்திகையில் குஞ்சு விடுவோம். தை கடைசியில் தண்ணீர் வற்ற ஆரம்பிக்கும்போது மீன் ஒரே இடத்தில் சேரும். அந்த நேரம் பார்த்துக் கூழைக்கடா கூட்டமாக இறங்கும். கூட்டமாக வரும்போது அவை தனித்தனியாகப் பிடிப்பதில்லை. அரை வட்டமாக வளைத்து, மீனை ஆழமில்லாத இடத்துக்கு ஒதுக்கிக்கொண்டுபோய் மொத்தமாக அள்ளும். நாங்கள் வலை வளைப்பது போலவேதான். ஒரு காலையில் எங்கள் கணக்கு தலைகீழாகிவிடும்.

என் அப்பா வேட்டுப் போட்டு விரட்டியிருக்கிறார். நானும் சிறுவயதில் கூடப் போயிருக்கிறேன். அவர் பறவையை வெறுத்தவர் கிடையாது. கரையில் விழுந்து கிடந்த நாரையைத் தூக்கி வந்து வீட்டுத் தொட்டியில் வைத்துப் பார்த்துக்கொண்டவரும் அவர்தான். பறவை வேண்டும் என்கிறவர்கள் எங்கள் பக்கத்தையும் ஒரு தடவை கேட்டுவிட்டுப் போங்கள்.

நாங்குநேரிக்காரன்
ஜனவரி 21, இரவு 8:10

மடைமீன் அண்ணே, இதை எழுதினதற்கு நன்றி. யாரும் பேசாத விஷயம் இது.

சரணாலயத்துக்கு எல்லைக்கல் உண்டு, பறவைக்குக் கிடையாது. கூந்தன்குளம் சரணாலயம் 129 ஹெக்டேர்தான். 1994இல் அறிவித்தது. அங்கே கூடு வைக்கிற நாரையும் கூழைக்கடாவும் இரை தேடி வெகுதூரம் போகும். விஜயநாராயணம் பெரியகுளம், சுற்றியிருக்கிற சின்னக் குளங்கள், வயல்கள், கால்வாய்கள் எல்லாம்தான் அவற்றுக்குச் சாப்பாடு. கூடு இருக்கிற குளத்துக்கு, உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்கிற ராம்சார் பட்டம் கிடைத்துவிட்டது (2022இல்). சாப்பாடு போடுகிற குளத்துக்கு ஒரு பலகைகூட இல்லை. அந்தக் குளத்தை நம்பிக் கடன் வாங்கினவருக்கும் ஒன்றும் இல்லை.

எங்கள் பக்கம் ஒரு கைம்மாறு இருந்தது, இன்னும் கொஞ்சம் இருக்கிறது. பறவை எச்சம் விழுந்த குளத்து வண்டலை அள்ளி வயலுக்கு அடிப்பார்கள். அதற்கு மேல் உரம் தேவையில்லை என்று என் தாத்தா சொல்லுவார். பறவை வந்தால் மழை, பறவை வந்தால் விளைச்சல் என்கிற நம்பிக்கைக்கு அந்த வண்டலும் ஒரு காரணம். வீட்டு முற்றத்து வேப்பமரத்தில் நாரை கூடு வைத்தால் மூன்று மாதம் நாற்றம், மேலே எச்சம், மீன் துண்டு விழும். துணி காயப்போட முடியாது. யாரும் கூட்டைக் கலைக்க மாட்டார்கள். குஞ்சு தவறி விழுந்தால் எடுத்து மீன் கொடுத்து வளர்ப்பவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள்.

வைகைக்கரை அக்கா, நீங்கள் தையில் வந்தது வாத்துக்கு நல்ல நேரம். ஆனால் கூந்தன்குளத்தைப் பங்குனி, சித்திரையில் பார்க்க வேண்டும். ராமநாதபுரத்துக் கண்மாய்களில் வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் கூடு, தண்ணீர் வற்றுவதற்குள் குஞ்சு பறந்தாக வேண்டும். எங்கள் ஊரில் கணக்கு வேறு. மணிமுத்தாற்றுத் தண்ணீர் கால்வாயில் வந்து குளம் நின்றால் கோடையிலும் தாங்கும். வந்தால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

மடைமீன்
ஜனவரி 21, இரவு 9:05

தம்பி, நீ சொன்ன எல்லைக்கல் விஷயம்தான் நான் சொல்லத் தெரியாமல் இருந்தது. சித்திரங்குடியில் கூடு, எங்கள் கண்மாயில் சாப்பாடு. குத்தகைத் தொகையில் ஒரு பங்கைப் பறவைக்கு என்று கழித்துக்கொண்டால் வேட்டுக்கு வேலையே இருக்காது. பக்கத்து ஊர்ப் பெரியவர்கள் சிலரும் இதையே சொல்கிறார்கள்.

சோளக்கொல்லை
ஜனவரி 22, காலை 10:40

நாட்டுக் கருவேலம் பற்றி எழுதியிருந்தீர்கள். சித்திரங்குடியில் நிற்பதில் எவ்வளவு நாட்டுக் கருவேலம், எவ்வளவு சீமைக் கருவேலம்? 2017இல் நீதிமன்ற உத்தரவு வந்தபோது எங்கள் பக்கம் ஜேசிபி வைத்து மொத்தமாகப் பிடுங்கினார்கள். சீமைக் கருவேலம் போகவேண்டியதுதான், எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கூடு இருக்கும் மரத்தைப் பிடுங்கும் முன் அதற்கு ஈடாக நாட்டு மரம் வளர்ந்து நிற்க வேண்டும். ஒரு நாட்டுக் கருவேலம் நாரையைத் தாங்க எத்தனை வருடம் ஆகும்?

கரைக்கணக்கு
ஜனவரி 22, பகல் 12:20

நான் சென்ற வருடம் பார்த்தவரை உள்வாயில் பெரும்பாலும் நாட்டுக் கருவேலம்தான். சமூகக் காடு வளர்ப்பில் கண்மாய்களில் நட்ட மரங்கள். சீமைக் கருவேலம் கரையோரத்தில். பறவை இரண்டிலும் உட்காரும், ஆனால் நாரையின் பெரிய கூட்டுக்கு நாட்டு மரத்தின் குடை விரிந்த கிளைதான் தோது. நீங்கள் சொன்ன வரிசைதான் சரி: முதலில் நடவு, பிறகு பிடுங்கல், அதுவும் கூடு காலியாக இருக்கும் ஆவணி புரட்டாசியில்.

மடையான்
ஜனவரி 22, இரவு 7:30

ஒரு சின்ன சந்தேகம். மஞ்சள்மூக்கு நாரை, சங்குவளை நாரை, செங்கால் நாரை மூன்றும் ஒன்றுதானா?

நாங்குநேரிக்காரன்
ஜனவரி 22, இரவு 7:48

முதல் இரண்டும் ஒன்று. மூன்றாவதுதான் குழப்பும். எங்கள் ஊரில் இதையேதான் செங்கால் நாரை என்போம். வெளிநாட்டிலிருந்து வலசை வரும் வெள்ளை நாரையையும் பறவை நூல்களில் செங்கால் நாரை என்றே எழுதுகிறார்கள். பட்டியல் போடும்போது முதுகின் பின்பக்கம் இளஞ்சிவப்பு இறகு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எங்கள் ஊர்க்காரன்.

டெல்டாவாசி
ஜனவரி 24, மாலை 5:15

தாமதமாக வருகிறேன், வயல் வேலை. வைகைக்கரை அம்மா, டெல்டாவுக்கு வழி கேட்டிருந்தீர்கள்.

அரியலூர் பக்கம் கரைவெட்டியில் ஆரம்பியுங்கள். பெரிய ஏரி, வாத்து நிறைய. ஊசிவால் வாத்தும் கிளுவையும் தரையிறங்கும்போது வரும் இறகுச் சத்தத்துக்காகவே விடியலில் கரையில் இருக்க வேண்டும். அங்கிருந்து தஞ்சாவூர், மன்னார்குடிச் சாலையில் வடுவூர். சாலை ஓரத்திலேயே ஏரி, காரை விட்டு இறங்கினால் பறவை. பிறகு உதயமார்த்தாண்டபுரம். இவை எல்லாம் காவிரித் தண்ணீரை நம்பியவை. மேட்டூர் திறந்து, மழையும் பெய்த வருடத்தில் வாருங்கள், மார்கழி தையில். கோடையில் வந்தால் வெறும் தரைதான்.

கடைசியாகக் கோடியக்கரை. ஒரு நாள் முழுதாக ஒதுக்குங்கள். உப்பளத்துப் பக்கம் பூநாரை, சேற்றில் ஆயிரக்கணக்கில் உள்ளான்கள் என்கிற கரைப்பறவைகள். கொசு உள்ளான் ஒரு சிட்டுக்குருவி அளவுதான், ஆர்க்டிக் பக்கம் முட்டையிட்டுவிட்டு இங்கே வந்து எங்கள் உப்புச் சேற்றில் ஓடிக்கொண்டிருக்கும். பூநாரையைப் பார்க்கும் அவசரத்தில் எல்லாரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வேதாரண்யத்தில் தங்கலாம். சாலையில் நெல் காயப்போட்டிருப்பார்கள், மேலே ஏற்றாமல் ஓரமாகப் போகச் சொல்லுங்கள் ஐயாவை.

சோளக்கொல்லை
ஜனவரி 24, இரவு 8:00

போகிற வழியில் நேரமிருந்தால் ராஜசிங்கமங்கலம் கண்மாயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று எங்கள் பக்கத்தில் சொல்லுவார்கள். அவ்வளவு நீளக் கரை, நாரையால்கூட ஒரே மூச்சில் கடக்க முடியாதாம்.

வைகைக்கரை
ஏப்ரல் 13, இரவு 9:20

மூன்று மாதம் கழித்து இழையை மேலே கொண்டுவருகிறேன், மன்னிக்கவும்.

சொன்னபடி கூந்தன்குளம் போய்விட்டு வந்தோம். நாங்குநேரிக்காரன் தம்பி வீட்டில் சாப்பாடு, அவர் அம்மா வைத்த குழம்பின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. மடைமீன் அண்ணனையும் போகும் வழியில் பார்த்தோம். அவர் கண்மாயில் தண்ணீர் முழங்காலளவுக்கு வந்துவிட்டது, மீன் பிடித்து முடித்துவிட்டார்கள். இந்த வருடம் வேட்டு வாங்கவில்லை என்றார். கடைசிப் பத்து நாள் ஆள் போட்டு இரவில் காவல் இருந்தார்களாம். நட்டம் எவ்வளவு என்று கேட்டேன், சொல்லவில்லை. ஊர்க் கூட்டத்தில் குத்தகையைக் குறைப்பது பற்றிப் பேச்சு ஓடுகிறது, இன்னும் முடிவாகவில்லை.

கூந்தன்குளத்தில் ஒரு வீட்டு முற்றத்து வேப்பமரத்தடியில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நின்றோம். வெயில் தலையைப் பிளந்தது. மேலே மஞ்சள்மூக்கு நாரையின் கூடு, மூன்று குஞ்சுகள். தாயோ தகப்பனோ, தெரியவில்லை, வெயில் வரும் பக்கம் முதுகைக் காட்டி இரண்டு இறக்கையையும் விரித்து நின்றது. குஞ்சுகள் அந்த நிழலுக்குள் ஒண்டியிருந்தன. சூரியன் நகர நகர அதுவும் காலை மாற்றி மாற்றி வைத்துத் திரும்பிக்கொண்டது. ஒரு மணிக்கு இன்னொன்று குளத்திலிருந்து வந்தது, வாய் நிறையத் தண்ணீரோடு. குஞ்சுகளின் தலைமேல் அப்படியே ஒழுகவிட்டது. கொஞ்சம் கீழே எங்கள்மேலும் விழுந்தது.

அந்த வீட்டம்மா பாத்திரம் கவிழ்க்கும் மேடையைக் கொல்லைப்புறத்துக்கு மாற்றியிருந்தார். இவை பறந்து போனதும் திரும்ப இங்கே கொண்டுவந்துவிடுவேன் என்றார். எப்போது பறக்கும் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ஆனி கடைசி ஆகும், அப்போதும் ஒருநடை வாங்க என்றார். வருவதாகச் சொல்லியிருக்கிறோம்.